மருந்துக்கு அடங்காத கிருமியைக் குடலிலிருந்து கிளப்புவது எப்படி?

நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய்த் திரும்பிய 2,001 பயணிகளின் மலத்தைப் பயணத்துக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. ஆய்வாளர்கள் தேடியது இஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்களை. செஃப்ட்ரையாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைத்துவிடும் நொதி அது. கிளம்பும்போது அந்தக் கிருமி இல்லாமல் இருந்தவர்களில் 34.3 சதவீதம் பேர் அதைக் குடலில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 75.1 சதவீதம்.

இந்த 75 நமக்கு அதிர்ச்சி தரும் எண்தான். ஆனால் அதே ஆய்வில் இதைவிட முக்கியமான இன்னொரு எண் இருக்கிறது. கிருமி ஒட்டிக்கொண்டவர்களின் குடலில் அது தங்கிய காலத்தின் இடைநிலை அளவு 30 நாள். பன்னிரண்டு மாதம் கழித்தும் அதை வைத்திருந்தவர்கள் 11.3 சதவீதம்தான். கிருமியைப் போக்குவதற்கென்று யாரும் அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தரவில்லை. அப்படியானால் அதை வெளியேற்றியது யார்?

அந்தக் குடலில் ஏற்கெனவே குடியிருந்த மற்ற பாக்டீரியாக்கள்தான். ஐசியுவில் நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறிய நோயாளிக்கு இந்த வெளியேற்றம் நடப்பதில்லை. அதைச் செய்யவேண்டிய கூட்டத்தையே மருந்து அழித்துவிட்டிருக்கும். அந்தக் கூட்டத்தை மீண்டும் குடியேற்றினால் கிருமி போய்விடுமா என்பதுதான் இருபது ஆண்டுகளாக நடக்கும் ஆராய்ச்சியின் மையக் கேள்வி. ஒரு கிருமியைப் பொறுத்தவரை பதில் தெளிவாகக் கிடைத்துவிட்டது. மற்றவற்றில் பாதி வழியில் நிற்கிறோம்.

சுமப்பது வேறு, நோய் வேறு

இப்படி மருந்துக்கு அடங்காமல் போகும் குடல் பாக்டீரியாக்களில் முக்கியமானவை கிளெப்சியெல்லா நிமோனியே, ஈ.கோலை ஆகிய இரண்டும். குடலில் இருக்கும்வரை அவை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. பேதி இல்லை, வலி இல்லை. சுமப்பவருக்கே தெரியாது. அவை இடம் மாறும்போதுதான் சிக்கல்: சிறுநீர்க் குழாய் வழியாக மூத்திரப்பைக்கு, வென்டிலேட்டர் குழாய் வழியாக நுரையீரலுக்கு, கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்குக் குடற்சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு. ரத்தத்தில் வந்த கிளெப்சியெல்லா, மற்ற ஆன்டிபயாடிக் பலிக்காதபோது கொடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்காததாக இருந்தால் மருத்துவர் கையில் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்துகளும் விலை உயர்ந்த சில புதிய கூட்டு மருந்துகளும்தான். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புதுப்பித்த கிருமிப் பட்டியலில் கார்பபெனெமுக்கு அடங்காத இந்தப் பாக்டீரியாக் குடும்பம் மிக உயர்ந்த அபாயப் பிரிவில் இருக்கிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. கார்பபெனெமைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதி பரவியிருப்பதை உலகத்துக்கு அறிவித்த 2010 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து 44 மாதிரிகள், ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37. இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவும். அப்படித் தாவுவதற்கு வாகான இடம் கூட்டம் நெரியும் குடல்தான்.

சரி, குடலிலேயே இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துக் கொன்றுவிட்டால் என்ன? செய்து பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் கலக்காத கொலிஸ்டின், நியோமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் மலப் பரிசோதனையில் கிருமி சில நாள் மறைகிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பலருக்குத் திரும்பிவிடுகிறது. கூடவே கடைசி ஆயுதமான கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு உருவாகிறது. அதனால்தான் ஐரோப்பிய நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தக் கிருமிகளைச் சுமப்பவர்களுக்கு வழக்கமாக இப்படி மருந்து கொடுத்து அகற்ற முயலவேண்டாம் என்கிறது.

நல்ல பாக்டீரியா உண்மையில் என்ன செய்கிறது

1950-களில் சிகாகோவில் மார்ஜோரி போன்ஹாஃப், சி. பிலிப் மில்லர் குழுவினர் எலிகளில் செய்த சோதனைகளிலிருந்து தொடங்கவேண்டும். சாதாரண எலிக்கு வாய்வழி சால்மோனெல்லா தொற்று உண்டாக்க ஏறத்தாழ 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன. எலியின் நோயெதிர்ப்பு மாறவில்லை. மாறியது குடலின் குடிமக்கள். 1971-இல் டச்சு ஆய்வாளர் டிர்க் வான் டெர் வாய் இந்தப் பாதுகாப்புக்குக் குடியேற்றத் தடுப்பாற்றல் என்று பெயர் வைத்தார்.

இந்தத் தடுப்பு நான்கைந்து வழிகளில் நடக்கிறது. அவற்றில் சாப்பாட்டுப் போட்டிதான் எல்லாவற்றையும்விட வலுவானது என்பது அண்மை ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஃபாஸ்டர் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில் 100 வகைக் குடல் பாக்டீரியாக்களைத் தனித்தனியாகக் கிளெப்சியெல்லாவுடனும் சால்மோனெல்லாவுடனும் மோதவிட்டார்கள். தனியாக நின்று தடுத்தது ஏறக்குறைய எதுவும் இல்லை. 50 வகைகள் வரை சேர்த்துக் கூட்டமாக்கியபோது கிருமி வளர முடியாமல் போனது. கூட்டத்தின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமில்லை. கிருமி சாப்பிடும் ஒவ்வொரு சத்தையும் கூட்டத்தில் யாராவது ஒருவர் சாப்பிட்டு முடித்திருக்கவேண்டும். பந்தியில் எல்லா இலைகளிலும் ஆள் உட்கார்ந்திருந்தால் பிந்தி வந்தவர் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பயனில்லை. ஒரே ஒரு இலை காலியாக இருந்தால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஆய்வில் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. தனியாகத் தடுப்பதில் ஈ.கோலை சுமார்தான். ஆனால் கூட்டத்தில் சாதாரண, மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை ஒன்று இருந்தால் தடுப்பு பெரிதும் கூடியது. கிருமிக்கு நெருங்கிய உறவான பாக்டீரியாவின் சாப்பாட்டுப் பட்டியலும் கிருமியின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே காரணம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் நடந்த ஆய்வுகளில், கிளெப்சியெல்லா ஆக்ஸிடோகா என்ற உறவுக்காரப் பாக்டீரியா சில வகைச் சர்க்கரைகளுக்குப் போட்டியிட்டு கிளெப்சியெல்லா நிமோனியேவைத் துரத்தியது. கெட்ட கிருமியை விரட்டுவதற்கு அதன் நல்ல சகோதரனே தேவைப்படலாம் என்ற இந்தச் செய்தி, நல்ல பாக்டீரியா என்றாலே தயிர் என்று நினைக்கும் பழக்கத்துக்கு நேர் எதிரானது.

அடுத்தது ஆக்ஸிஜன். பெருங்குடலில் வாழ்பவற்றில் மிகப் பெரும்பான்மை காற்றில்லாமல் மட்டுமே பிழைப்பவை. அவை நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் செல்கள் அந்த பியூட்டிரேட்டைத்தான் முதன்மை எரிபொருளாக எரிக்கின்றன. எரிப்பதற்கு ரத்தத்திலிருந்து வரும் ஆக்ஸிஜனைச் செலவழித்துவிடுகின்றன. அதனால் குடலின் உட்பக்கம் ஆக்ஸிஜன் கசிவதில்லை. ஆன்டிபயாடிக் இந்தக் காற்றில்லாப் பாக்டீரியாக்களைக் கொன்றதும் பியூட்டிரேட் நின்றுபோகிறது. செல்கள் சர்க்கரையை ஆக்ஸிஜன் இல்லாமல் எரிக்கும் வழிக்கு மாறுகின்றன. செலவாகாத ஆக்ஸிஜன் உள்ளே கசிகிறது, நைட்ரேட்டும் கூடுகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரண்டுமே ஆக்ஸிஜனையும் நைட்ரேட்டையும் வைத்துச் சுவாசிக்கத் தெரிந்தவை. மற்றவை செத்துக் கிடக்கும் இடத்தில் இவை பெருகுவதற்கு இதுவே காரணம். மெட்ரோனிடசோல், கிளிண்டாமைசின், பைபராசிலின்-டாசோபாக்டம், மெரோபெனெம் போன்று காற்றில்லாப் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும் மருந்துகளுக்குப் பிறகு இந்த ஆபத்து கூடுவதும் இதனால்தான்.

நேரடித் தாக்குதலும் உண்டு. சில பாக்டீரியாக்கள் நெருங்கிய உறவினரை மட்டும் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. பிளவுட்டியா புரொடக்டா என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகம் லான்டிபயாடிக் வகைப் பொருளைச் சுரந்து வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியை எலிக் குடலிலிருந்து அகற்றுகிறது. முதல் உலகப் போரின்போது பால்கன் முனையில் சக வீரர்கள் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோதும் தாக்குப்பிடித்த ஒரு வீரரின் மலத்திலிருந்து 1917-இல் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த ஈ.கோலை இன்றும் மருந்தாக விற்கப்படுகிறது. அதுவும் இப்படிப்பட்ட புரதங்களைச் சுரப்பதுதான். ஆனாலும் ஒரே ஆயுதத்தை நம்பினால் கிருமி அதற்கும் எதிர்ப்பை உருவாக்கிக்கொள்ளும். சாப்பாட்டுப் போட்டிக்கு எதிர்ப்பு உருவாக்குவது அதைவிட மிகக் கடினம்.

நிரூபணமான ஒரே இடம்

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குக் கடும் பேதியையும் பெருங்குடல் அழற்சியையும் உண்டாக்கும் கிருமி. இதன் பிரச்சினை வழக்கமான மருந்து எதிர்ப்பு அல்ல. வான்கோமைசின் 125 மில்லிகிராம் தினம் நான்கு வேளை, பத்து நாள் கொடுத்தால் கிருமி சாகிறது. ஆனால் அதன் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவங்கள், சாவதில்லை. மருந்து நின்றதும் வித்துகள் முளைக்கின்றன. முதல் முறை குணமானவர்களில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும். ஒருமுறை திரும்பியவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

வித்து முளைப்பதைத் தீர்மானிப்பது பித்தம். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் கோலிக் அமிலத்தை டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. மாறாத பித்த உப்பான டாரோகோலேட் வித்தை முளைக்கத் தூண்டுகிறது. மாறிய டிஆக்ஸிகோலிக் அமிலம் முளைத்த கிருமியை வளரவிடாது. மாற்றிக்கொடுக்கும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் கொன்றுவிட்டால் முளைக்கத் தூண்டுவது மட்டும் மிஞ்சுகிறது. வான்கோமைசினும் அதே பாக்டீரியாக்களைக் கொல்கிறது. குணப்படுத்தும் மருந்தே மறுதொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

1958-இல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் கடும் பெருங்குடல் அழற்சி வந்த நான்கு பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தை எனிமாவாகக் கொடுத்தார். அப்போது சி.டிஃப் காரணம் என்பதே தெரியாது. அது தெரிந்தது 1978-இல். முறையான சோதனை 2013-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. மலக் கரைசலை மூக்குக் குழாய் வழியாகச் சிறுகுடலில் செலுத்தியதில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள்; மீதி மூவரில் இருவர் இரண்டாவது தடவையில். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நான்கு பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். 2017-இல் கனடாவில் கொலோனோஸ்கோபி வழியாகவும் வெறும் கேப்சூலாகவும் கொடுத்து ஒப்பிட்டார்கள்: இரண்டிலும் 96.2 சதவீதம் பேருக்குத் திரும்ப வரவில்லை.

இதற்குப் பிறகு வந்தவை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட மருந்துகள். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2022 நவம்பரில் ரெபியோட்டா என்ற 150 மில்லிலிட்டர் எனிமாவையும் 2023 ஏப்ரலில் வௌஸ்ட் என்ற கேப்சூலையும் அனுமதித்தது. வௌஸ்ட் தயாரிப்பில் கொடையாளரின் மலத்தை எத்தனாலில் ஊறவைக்கிறார்கள். வித்தாக மாறத் தெரிந்த நல்ல பாக்டீரியாக்கள் மட்டும் பிழைக்கின்றன, மற்றவை சாகின்றன. தினம் நான்கு கேப்சூல், மூன்று நாள். அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் எட்டு வாரத்துக்குள் மறுதொற்று 12 சதவீதம். போலிக் கேப்சூல் பெற்றவர்களுக்கு 40 சதவீதம்.

இந்தக் கேப்சூலில் பலர் கவனிக்காமல் விடுவது நேரக் கணக்கு. ஆன்டிபயாடிக் முடிந்து 2 முதல் 4 நாள் கழித்துத்தான் தொடங்கவேண்டும். தொடங்குவதற்கு முந்தைய நாள் 296 மில்லிலிட்டர் மெக்னீசியம் சிட்ரேட் குடித்துக் குடலைக் காலிசெய்யவேண்டும். குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும். குடலில் மிச்சமிருக்கும் வான்கோமைசினே புதிதாக வரும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும் என்பதுதான் இத்தனை கெடுபிடிக்கும் காரணம். எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் தோல்விக்கு முதல் சந்தேகம் இங்கேதான் போகவேண்டும்: சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்குள் வேறு ஏதோ தொற்றுக்காக ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா?

கரைசல் தயாராகும் விதம்

மல மாற்று சிகிச்சை பார்ப்பதற்கு எளிது. பாதுகாப்பாகச் செய்வது எளிதல்ல. ஐரோப்பிய நிபுணர்கள் 2017-இல் ஒத்துக்கொண்ட முறைப்படி ஒரு தடவைக்குக் குறைந்தது 30 கிராம் மலம் வேண்டும். பல மையங்கள் 50 கிராம் எடுக்கின்றன. கழித்த ஆறு மணி நேரத்துக்குள் பதப்படுத்தவேண்டும். 150 மில்லிலிட்டர் அளவுக்குச் சலைன் சேர்த்துக் கரைத்து, சக்கையை வடிகட்டுகிறார்கள். மிக்ஸியை அதிக வேகத்தில் ஓட்டினால் காற்று கலந்துவிடும். காற்றில்லாப் பாக்டீரியாக்களில் பல சில நிமிடங்கள் ஆக்ஸிஜன் பட்டாலே செத்துப்போகும். எனவே பையில் போட்டுக் கையால் பிசைவதோ நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கரைப்பதோ நல்லது. உறையவைத்துச் சேமிப்பதாக இருந்தால் 10 சதவீதம் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கவேண்டும். கிளிசரால் இல்லாவிட்டால் பனிப் படிகங்கள் செல்சுவரைக் கிழித்துவிடும். தேவைப்படும்போது 37 டிகிரி தண்ணீரில் உருக்கி ஆறு மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

கொடையாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வேலை. கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் வேண்டாம். எச்ஐவி, கல்லீரல் அழற்சி வைரஸ்கள், சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. மலத்தில் சி.டிஃப், சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஒட்டுண்ணிகள். கூடவே இஎஸ்பிஎல், கார்பபெனெம் எதிர்ப்பு, வான்கோமைசின் எதிர்ப்பு ஆகியவற்றுக்கான கல்ச்சர். அமெரிக்காவின் மல வங்கி ஒன்றில் விண்ணப்பித்தவர்களில் மூன்று சதவீதத்துக்கும் குறைவானவர்களே தேறினார்கள்.

இந்தக் கடைசிப் பரிசோதனை கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2019 ஜூனில் எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது: ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற, நோயெதிர்ப்பு குறைந்த இரண்டு பேருக்கு இஎஸ்பிஎல் ஈ.கோலை ரத்தத்தில் பரவியது; ஒருவர் இறந்தார். அந்த மலத்தில் இஎஸ்பிஎல் இருக்கிறதா என்று முன்கூட்டிச் சோதிக்கப்படவில்லை. மருந்து எதிர்ப்பை எதிர்க்கப் பயன்படவேண்டிய சிகிச்சையே எதிர்ப்புக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஆரோக்கியமானவர்களே பெருமளவில் இஎஸ்பிஎல் சுமக்கும் நம் பகுதியில் இந்தச் சோதனை இல்லாமல் மல மாற்று செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதுதான். உறவினர் என்பதால் கொடையாளர் பாதுகாப்பானவர் ஆகிவிடமாட்டார். ஒரே வீட்டில் ஒரே கிருமி சுற்றிவருவது சகஜம்.

கிளெப்சியெல்லாவில் ஏன் தடுமாறுகிறோம்

சி.டிஃப்-இல் கிடைத்த வெற்றியை அப்படியே மற்ற கிருமிகளுக்கும் நீட்டலாம் என்று நம்பினார்கள். 2019-இல் வெளியான நான்கு நாட்டுச் சோதனை அந்த நம்பிக்கைக்குக் கடிவாளம் போட்டது. இஎஸ்பிஎல் அல்லது கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமி சுமந்த 39 பேர். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் வாய்வழிக் கொலிஸ்டினும் நியோமைசினும், பிறகு மல மாற்று. மற்றப் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்துக் கிருமி போயிருந்தவர்கள்: சிகிச்சை பெற்ற 22 பேரில் 9, பெறாத 17 பேரில் 5. சதவீதத்தில் 41-க்கு 29. புள்ளியியல் ரீதியாக இதை வெற்றி என்று சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு முறையே பயனற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். முதலில், சோதனையில் போதிய ஆள் சேரவில்லை. இரண்டாவது, சிகிச்சை பெறாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்குக் கிருமி தானாகவே போகிறது. நெதர்லாந்துப் பயணிகளுக்கு நடந்ததுதான் இது. எனவே ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் வரும் 'இத்தனை பேருக்கு மல மாற்றால் கிருமி போய்விட்டது' என்ற செய்தி எதையும் நிரூபிப்பதில்லை. மூன்றாவது, சி.டிஃப் போலல்லாமல் ஈ.கோலைக்கு வித்தோ பித்தத்தைச் சார்ந்த ஒற்றைப் பூட்டோ கிடையாது. அது பல வகைச் சத்துகளைத் தின்னத் தெரிந்தது; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைக்கவேண்டும்.

2023-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சிறு சோதனை காரணத்தை இன்னும் நெருங்கிக் காட்டியது. சிறுநீரக மாற்று செய்துகொண்டு எதிர்ப்புக் கிருமி சுமந்த 11 பேர். சிகிச்சையை முழுதாக முடித்த 9 பேரில் 8 பேருக்குக் கிருமி மறைந்தது. மரபணு வரிசையைப் பார்த்தபோது ஈ.கோலை என்ற இனமே அழிந்துபோகவில்லை, எதிர்ப்புள்ள ஈ.கோலையின் இடத்தில் மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை உட்கார்ந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு சோதனைக்குழாயில் தெரிந்த உறவினர் போட்டி இங்கே மனிதக் குடலிலும் தெரிகிறது. கொடையாளரின் மலத்தில் அப்படி வலுவான, எதிர்ப்பில்லாத ஈ.கோலை இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது அடுத்த சோதனைகளுக்கான நியாயமான நிபந்தனை.

மலத்திலிருந்து எண்ணிக்கையிட்ட கூட்டத்துக்கு

மலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. மருந்து அப்படி இருக்கக் கூடாது. அதனால் இப்போதைய திசை, தேவையான பாக்டீரியாக்களை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளர்த்து, குறிப்பிட்ட அளவில் கலந்து கொடுப்பது. எட்டு ரகங்கள் கொண்ட விஇ303 என்ற கலவை சி.டிஃப் நோயாளிகளிடம் 2023-இல் நல்ல முடிவு காட்டியது: அதிக அளவு பெற்றவர்களில் மறுதொற்று 13.8 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 45.5 சதவீதம்.

கிளெப்சியெல்லாவுக்கு எதிரான மிக நம்பிக்கையூட்டும் பணி டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் கென்யா ஹோண்டா குழுவுடையது, 2024-இல் வெளியானது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் கிளெப்சியெல்லாவைக் குடியேற்றினார்கள். பிறகு ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தைக் கொடுத்து யாருடையது கிருமியை நன்றாகக் குறைக்கிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து 31 ரகங்களைப் பிரித்து, குறைத்துக் குறைத்து 18-க்கு வந்தார்கள். அந்த 18 ரகங்களும் சேர்ந்து குளுக்கோனேட் என்ற சர்க்கரை அமிலத்தின் இருப்பைக் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் குடலில் கிளெப்சியெல்லாவின் முக்கிய உணவு அதுதான். எலிகளில் ஈ.கோலையால் வரும் அழற்சியையும் இதே கலவை தணித்தது. மற்ற நல்ல பாக்டீரியாக்களுக்குத் தொந்தரவில்லாமல் இந்தக் குடும்பத்தை மட்டும் குறிவைப்பது இதன் தனிச் சிறப்பு. ஆன்டிபயாடிக்கால் இதைச் செய்ய முடியாது.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரத்தில் பல தடைகள். ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு ஊட்ட ஊடகம், வேறு வளர்ச்சி வேகம். ஆக்ஸிஜன் நுழையாத கலனில் வளர்த்து, உறைஉலர்த்தி, இரைப்பை அமிலத்தில் கரையாத கேப்சூலில் அடைக்கவேண்டும். உலர்த்தும்போது எத்தனை பிழைக்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஒவ்வொன்றின் முழு மரபணுவையும் வரிசைப்படுத்தி, பிளாஸ்மிட்டில் தாவக்கூடிய எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் நாமே கிருமிக்கு ஆயுதம் சப்ளை செய்வதாகிவிடும். உணவுப் பழக்கமும் ஒரு காரணி: ஜப்பானியக் குடலில் வேலை செய்த 18, அரிசியும் பருப்பும் சாப்பிடும் குடலில் அதே சத்துகளை அடைக்குமா என்பதை நம் நாட்டு நோயாளிகளிடம் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

தயிர், பழைய சோறு, மருந்துக்கடைக் குப்பி

இவை கெட்டவை அல்ல. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமியைக் குடலிலிருந்து இவை அகற்றும் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரமில்லை. தயிரிலும் பழைய சோற்றிலும் பெருகும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருங்குடலின் நிரந்தரக் குடிகள் அல்ல. போகிறபோக்கில் கடந்து போகின்றன. பியூட்டிரேட் உண்டாக்குவதும் பித்தத்தை மாற்றுவதும் அவற்றின் வேலை இல்லை.

ஆன்டிபயாடிக் சீட்டோடு சேர்த்து எழுதித்தரும் புரோபயாடிக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் 21 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு மூன்று பிரிவாகப் பிரித்தது. தங்கள் சொந்த மலத்தையே முன்கூட்டிச் சேமித்துத் திரும்பப் பெற்றவர்களுக்குச் சில நாளில் பழைய கூட்டம் மீண்டது. எதுவும் பெறாதவர்களுக்குச் சில வாரங்கள். 11 ரகப் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் மிகத் தாமதம். சிறு ஆய்வுதான், ஆனால் புரோபயாடிக் கொடுப்பதால் நஷ்டமில்லை என்ற நினைப்பை அது அசைத்துவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கும், ரத்தநாளத்தில் மத்தியக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும், நோயெதிர்ப்பு மிகக் குறைந்தவர்களுக்கும் இந்த உயிருள்ள பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ ரத்தத்தில் கலந்து உயிராபத்து வந்திருக்கிறது.

சரியான ரகம், சரியான வயது, சரியான கேள்வி என்று அமைந்தால் புரோபயாடிக்கும் சாதிக்கும். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த சோதனை 2017-இல் வெளியானது. லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அது தின்பதற்கான 150 மில்லிகிராம் ஃபிரக்டோஆலிகோசாக்கரைடுடன், பிறந்த சில நாளிலிருந்து ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதத்துக்கு இறங்கியது. இங்கே குடல் இன்னும் காலியான நிலம். முதலில் வருபவர் இடத்தைப் பிடிக்கிறார். ஏற்கெனவே கிருமி ஊன்றிவிட்ட பெரியவரின் குடலில் இதே பலனை எதிர்பார்ப்பது சரியல்ல. சோதிக்கப்பட்டதும் நல்ல எடையுள்ள, ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளிடம்தான்.

இப்போது கிருமி சுமப்பவர் செய்யக்கூடியது

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது ஆசனவாய் ஸ்வாப் பரிசோதனையில் கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமி என்று எழுதியிருந்தால், தொற்று இல்லாதவரை அதற்கு மருந்து தேவையில்லை. சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது என்பதற்காக மட்டும், காய்ச்சலோ எரிச்சலோ இல்லாதபோது ஆன்டிபயாடிக் எடுத்தால், வெளியேற்றும் வேலையை அரைகுறையாகத் தொடங்கியிருக்கும் குடல் கூட்டம் மறுபடி அடிவாங்கும். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதை அறுவைக்குப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு.

பான்டாப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காரணமில்லாமல் மாதக்கணக்கில் தொடர்கிறோமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். இரைப்பை அமிலம் வாய்வழி வரும் கிருமிக்கு முதல் தடை. இந்த மாத்திரை எடுப்பவர்களிடம் எதிர்ப்புக் கிருமி சுமப்பது கூடுதல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. பருப்பு, பயறு, கீரை, காய்கறி, சிறுதானியம் என்று நார்ச்சத்து தரும் உணவு பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கான தீனி. கிருமியை அதுவே விரட்டும் என்று சொல்ல முடியாது. மீண்டுவரும் கூட்டத்தைப் பட்டினி போடாமல் இருக்க உதவும்.

கழிவறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கான பாதுகாப்பு. மறுபரிசோதனை செய்வதாக இருந்தால் ஸ்வாபின் பஞ்சில் மலம் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருக்கவேண்டும். காய்ந்த ஸ்வாப் பொய்யாக 'இல்லை' என்று காட்டும். ஒரு தடவை இல்லை என்று வந்ததை வைத்துக் கிருமி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை குறைந்து பரிசோதனைக்குச் சிக்காமல் இருந்துவிட்டு, அடுத்த ஆன்டிபயாடிக்கில் மறுபடி தலைதூக்கும். எனவே அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், குறிப்பாகக் கீமோதெரபிக்கோ அறுவைக்கோ முன்பு, பழைய ஸ்வாப் அறிக்கையைக் கையில் கொண்டுபோகவேண்டும். காய்ச்சல் வந்தால் முதல் நாளே எந்த மருந்தில் தொடங்குவது என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.